மகள் கேட்டது நடிக்க அல்ல, அக்கா

அக்கா, போன சனிக்கிழமை அந்த மழையிலும் பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்து, "புள்ள சினிமா சினிமான்னு அலையுது சேர், நீங்க சொன்னா கேக்கும்" என்றீர்கள். மகளோடு பேசினேன். உங்களிடம் சொல்ல வேண்டியதுதான் எனக்கு அதிகமாக இருக்கிறது.

அவள் நடிக்கக் கேட்கவில்லை. ஒரு கதைப்புத்தகம் எப்படிப் படமாகி, நம் போனில் பார்க்கிற ஓடிடி வரைக்கும் வருகிறது என்று கேட்டாள். அந்த வழி நெடுகிலும் வேலை இருக்கிறது.

முதலில் உரிமை. நம் இலங்கைச் சட்டப்படி எழுதியவர் இறந்த பிறகும் 70 வருடம் கதைக்கு உரிமை உண்டு. நம்முடைய மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை 1984இல் காலமானார். அவர் கதையைப் படமெடுக்க நினைத்தால் 2054 வரை உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். தமிழ்நாட்டு வால்பாறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய 'ரெட் டீ' நாவல் 1969இல் வந்தது. அதைத் தழுவிய 'பரதேசி' திரைக்கு வந்தது 2013இல். ஒரு கதை 44 வருடம் காத்திருந்திருக்கிறது. உங்கள் மகள் உயர்தரம், அதாவது ஏ.எல்., முடிக்கும்வரை சினிமாவும் காத்திருக்கும். இதை அவளிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்தது திரைக்கதை. 'அவள் மனம் வெந்தது' என்று கதையில் ஒரு வரி கொடுத்து, காட்சியாக எழுதச் சொன்னேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்தை எழுதினாள். தராசு முள் 18 கிலோவில் நிற்கிறது. தண்ணிக்கு, சாக்குக்கு என்று கழித்து கணக்கப்பிள்ளை 15 என்று எழுதுகிறார். கொழுந்து கொண்டுவந்த பெண் ஒன்றும் பேசாமல் இடுப்புப் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி மலைக்கு ஏறுகிறாள். அவ்வளவுதான், வசனமே இல்லை. பல வருடமாகப் பிள்ளைகளின் எழுத்தைப் பார்க்கிறேன் அக்கா, இதை வாசித்துவிட்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

படப்பிடிப்பு, எடிட்டிங், டப்பிங் எல்லாம் நகரத்து வேலை, செலவும் அதிகம். தமிழ்ப் படங்கள் பல தியேட்டருக்கு வந்து நாலு வாரத்தில் ஓடிடிக்குப் போய்விடுகின்றன. அங்கே சப்டைட்டில் இல்லாமல் முடியாது. நெட்ஃபிளிக்ஸ் ஆங்கில சப்டைட்டிலுக்கு வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரி, கூடியது 7 செக்கன் என்று அளவு வைத்திருக்கிறது. "இன்னைக்கு அரைப்பேர்தான்" என்ற வசனத்தை வெளியாள் மொழிபெயர்த்தால், யாரோ ஒருவரின் பெயரில் பாதி என்று எழுதிவைப்பார். அரைநாள் சம்பளம் என்பது தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் தெரியும். தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் கைவந்தால் இந்த வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். அவளுடைய சிங்களம் பரவாயில்லை. ஆங்கிலம்தான் பலவீனம், அதற்கு இப்போதே ஒரு வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

ஏ.எல்.லுக்குத் தமிழ், நாடகமும் அரங்கியலும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எடுக்கட்டும். நீங்கள் ஆசைப்படுகிற, டீச்சர் வேலைக்குப் படிக்கிற பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கும் ஏ.எல். பெறுபேறுதான் கேட்பார்கள், பல்கலைக்கழகத்துக்கும் அதேதான். ஆகவே இன்றைக்கே ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டியதில்லை. சான்ஸ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் மட்டும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். முதலில் எனக்குக் கோல் எடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை அவளை அந்தக் கொப்பியோடு அனுப்புங்கள். மடுவக் காட்சிக்கு அடுத்த காட்சியை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.