குரூப்பில் போட்ட லிங்க் எங்கே?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பழமொழி, விடுகதை, சங்கப் பாட்டு என்று நல்ல லிங்க் கண்டால் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவேன். அடுத்த வாரம் தேடினால் எனக்கே கிடைப்பதில்லை. வழி உண்டா?
– ஓர் ஆசிரியை, திருமங்கலம்

பதில்: காலை வணக்கப் பூப்படம் நாற்பது வந்து விழுந்தால் குறுந்தொகை எங்கே தெரியப் போகிறது டீச்சர்! பலர் சேர்ந்து புக்மார்க் சேர்ப்பதற்கென்றே தளங்கள் இருக்கின்றன. டீகோ, ரெய்ன்டிராப் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லிங்க் உங்கள் போனோடு முடங்காது, வகுப்பே திறந்து பார்க்கலாம், பிடித்த வரிக்கு மஞ்சள் பூசிக் குறிப்பும் எழுதலாம். பிள்ளைகளின் பெயரெல்லாம் வேண்டாம், வகுப்புக்கு ஒரே கணக்கு போதும், குறிப்புக்குக் கீழே வரிசை எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

ஆனால் சேர்ப்பது பெரிய விஷயமே இல்லை, குறிச்சொல் (பின்னால் தேடி எடுக்க லிங்க்கோடு ஒட்டி வைக்கிற சொல், ‘டேக்’) போடுவதில்தான் பாடம் இருக்கிறது. மதுரைத் திட்டம் தளத்திலிருந்து (பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றி வைக்கிற முயற்சி, 1998-இல் தொடங்கியது, பேர்தான் மதுரை, உழைத்தவர்கள் உலகம் பூராவும் இருக்கிற தன்னார்வலர்கள்) ஒரு பிள்ளை குறுந்தொகைப் பாட்டு ஒன்றை எடுத்து வைக்கிறது என்று வையுங்கள். அதற்குக் ‘குறிஞ்சி’ என்று போடுவதா, ‘முல்லை’ என்று போடுவதா? பாட்டை வாசிக்காமல் முடியாது. இரண்டு பேர் இரண்டு விதமாகப் போட்டால் இன்னும் நல்லது, வகுப்பில் சண்டை போடட்டும். அப்புறம் நம்ம ஊர் நாக்கு இருக்கிறதே, வாளப்பளம் என்கிற நாக்கு, அது விரலுக்கும் இறங்கிவிடும். ஒருவன் ‘பளமொழி’ என்று போட்டுவிட்டால், ‘பழமொழி’ என்று குறிச்சொல்லில் தேடுகிறவனுக்கு அந்த லிங்க் சிக்காது. சிவப்பு மையால் நூறு தடவை சுழிப்பதைவிட இது நன்றாக உறைக்கும். ‘விடுகதை’யா ‘விடுகதைகள்’ஆ என்பதையும் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். சொந்த நடையில் இரண்டு வரி எழுதாமல் யாரும் லிங்க் சேர்க்கக் கூடாது என்று ஒரு சட்டமும் போடுங்கள், இல்லாவிட்டால் கண்டதையெல்லாம் அள்ளிப் போடுவார்கள். நானே அப்படித்தான்.

கேள்வி: சேர்த்து வைத்த தளமே மூடிவிட்டால்?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: மூடும். இந்த வகைக்கு வழிகாட்டிய டெலிஷியஸ் 2003-இல் வந்தது, 2005-இல் யாஹூ வாங்கியது, கை மாறி மாறி 2017-இல் பின்போர்டு என்கிற இன்னொரு புக்மார்க் தளத்திடம் போய்ச் சேர்ந்தது, அதோடு புதிதாகச் சேர்ப்பதும் நின்றது. பிறகு படிக்க லிங்க் சேர்த்து வைக்கிற பாக்கெட் தளமும் 2025 ஜூலையில் கடையைக் கட்டியது. வேறொரு தளத்தில் என் அறுநூறு சொச்சம் லிங்க் போனதற்குக் காரணம் என் சோம்பல்தான், நகல் எடுத்துக்கொள்ளச் சொல்லி வந்த மின்னஞ்சலைத் திறக்கவே இல்லை. எக்ஸ்போர்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும், மாதம் ஒரு தடவை அமுக்கி, வருகிற கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். தளம் இருந்து லிங்க் மட்டும் செத்துப்போயிருந்தால் அந்த முகவரியை வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கிற தளம்) போட்டுப் பாருங்கள், பல நேரம் பழைய நகல் கிடைத்துவிடும்.