மத தேசியவாதம் நாட்டின் பாதுகாப்பைப் பலப்படுத்துமா?

பலப்படுத்தாது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைத் தயங்காமல் சொல்வேன். எதிரி யார் என்று மதத்தையும் இனத்தையும் பார்த்து முன்கூட்டியே முடிவுகட்டிவிட்டால், உண்மையான ஆபத்து வாசலுக்கு வந்து நின்றாலும் கண்ணில் படாது.

இங்கே பக்கத்தில் வவுணதீவில் நடந்ததைப் பாருங்கள். 2018 நவம்பர் 30, சோதனைச் சாவடியில் கடமையில் இருந்த 2 பொலிஸாரைக் கொன்று ஆயுதங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இறந்த போராளிகளைப் புலிகள் நினைவுகூரும் மாவீரர் நாள் முடிந்து மூன்றாம் நாள். சந்தேகம் நேரே புலிகளின் முன்னாள் போராளிகள் மேல் விழுந்தது. ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள், விஷயம் முடிந்ததென்று இருந்துவிட்டார்கள். செய்தது காத்தான்குடியைச் சேர்ந்த இஸ்லாமியத் தீவிரவாதி சஹ்ரானின் ஆட்கள் என்பது, 2019 ஏப்ரல் 21 தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் அவர்கள் வெடிக்கவைத்த உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகுதான் வெளியே வந்தது. பிடிபட்டவர் மே மாதம் விடுதலையானார். அதற்குள் எங்கள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் அந்தக் குண்டுக்குப் பறிகொடுத்த பிள்ளைகளை நாங்கள் புதைத்துவிட்டோம்.

இத்தனைக்கும் சஹ்ரான் ஒளிந்து வளர்ந்த ஆள் இல்லை. 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் சூஃபி வழியினரோடு வாள்கள் வெளியே வரும் அளவுக்கு மோதல் நடந்தது. அதன் பிறகுதான் தலைமறைவானான். அவனைப் பற்றி முறையிட்டவர்களும் முஸ்லிம்கள்தான்.

அவனுக்குத் தீனி போட்டவர்கள் சிங்கள பௌத்தத் தேசியவாதிகள். 2018 பெப்ரவரி 26, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் கிடந்த மாவுக் கட்டியைக் காட்டி, சிங்களவரின் பிறப்பைக் குறைக்கக் கருத்தடை மாத்திரை போட்டிருக்கிறாய் என்று ஒரு கூட்டம் மிரட்டியது. காசு மேசையில் நின்ற இளைஞருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. பயத்தில் தலையாட்டினார். அந்த வீடியோ பரவியது, இரவே கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் பார்த்துவிட்டு அது மாவுதான் என்றார். ஆனால் அதற்குள் கண்டிப் பக்கம் திகனவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்திருந்தன. அந்த நெருப்பைக் காட்டித்தான் சஹ்ரான் ஆள் சேர்த்தான். அப்புறம் அவனுடைய குண்டுகளைக் காட்டி 2019 மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம் கடைகளை எரித்தார்கள்.

தமிழர்களான எங்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பயம் இருந்த ஊரில்தான் சஹ்ரான் பேச ஆரம்பித்தான்.

பாதுகாப்பு என்பது கடைசியில் அயலவர் துணிந்து பொலிஸுக்குத் தகவல் சொல்வதில்தான் இருக்கிறது. 2019 ஏப்ரல் 26, அம்பாறை மாவட்டத்துச் சாய்ந்தமருதில் சஹ்ரானின் குடும்பமும் கூட்டாளிகளும் ஒளிந்திருந்த வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அங்கிருந்த முஸ்லிம்களே. அடுத்த வாரங்களில், முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற பேச்சு எங்கள் தெருவிலும் ஓடியது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.