அம்மாவிடம் கேட்டீர்களா?

கேள்வி: முதல்முறையாகக் குடும்பத்தோடு வெளிநாடு போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகன், 67 வயது அம்மா. எட்டு நாளில் நான்கு நகரங்கள். பணம் குறைவு. அதனால் இரண்டு விமான நிறுவனங்களில் தனித்தனியாக மலிவு டிக்கெட், நடுவில் 11 மணி நேரக் காத்திருப்பு, லிஃப்ட் இல்லாத விடுதியில் மூன்றாவது மாடி என்று திட்டம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, சமாளித்துக்கொள்வார். இன்னும் எதில் மிச்சம் பிடிக்கலாம்?

பதில்: மிச்சம் கிடக்கட்டும். அம்மா சமாளித்துக்கொள்வார் என்று யார் சொன்னது, அவரா, நீங்களா? கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். அவரிடம் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. மகனுக்குக் கால் வலி என்றால் மூன்றாவது மாடியில் அறை பார்ப்பீர்களா? வாய் திறந்து கேட்காதவர் தலையில் கஷ்டத்தைக் கட்டிவிட்டுச் செலவு குறைந்துவிட்டது என்று கணக்குக் காட்டும் பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று. வளர்த்தவரைச் சுற்றிப்பார்க்க அழைத்துப் போகிறீர்களா, மூட்டையோடு மூட்டையாகத் தூக்கிப் போகிறீர்களா?

தனித்தனி டிக்கெட்டே வம்பு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. டிக்கெட் பணம் போனதுதான். பெரும்பாலும் பெட்டிகளை நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு வெளியே வர அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். இந்த அலைச்சலுக்குத்தான் முழங்கால் வலிக்காரரை இழுக்கிறீர்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொன்னது.

நான்கு ஊரை இரண்டாக்குங்கள். ஊருக்கு ஊர் தாவும் செலவு மிச்சமானால் ஒரே டிக்கெட்டாகப் போடலாம், தரைத்தளத்தில் சமையலறையோடு அறை எடுக்கலாம். கார்டு தேய்க்கும்போது எந்த நாணயம் என்று கேட்டால் அந்த நாட்டு நாணயத்தையே சொல்லுங்கள். பயணக் காப்பீட்டை மட்டும் வெட்டாதீர்கள்; அதில் அம்மாவின் நோய், மருந்து எதையும் மறைக்கவும் வேண்டாம். சக்கர நாற்காலி உதவிக்குப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் காசு வாங்குவதில்லை. டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். கடைசி நேரம் என்றால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்.

எந்த இரண்டு ஊர் என்பதை அம்மா சொல்லட்டும். "எதுவானாலும் சரிப்பா" என்பார். விடாதீர்கள், மறுபடி கேளுங்கள்.