ஜீக்கோவின் 71 கோலும் 19 கோலும்

கால்பந்து: வாசகர் கேள்வி – பதில்

தாய்லாந்தின் கியாத்திசுக் செனாமுவாங் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். கோல் அடிப்பவராகவும் பயிற்சியாளராகவும் தென்கிழக்கு ஆசியாவில் இவர் அளவுக்குச் சாதித்தவர்கள் குறைவு.

கேள்வி: கியாத்திசுக் நாட்டுக்காக அடித்தது 71 கோல் என்கிறார்கள். சில பட்டியல்களில் கணக்கு வேறாக இருக்கிறதே, ஏன்? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: 134 ஆட்டம், 71 கோல் என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. சராசரியாக இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோலுக்கும் சற்று மேல். 1993-இலிருந்து 2007 வரை பதினான்கு வருடம் தேசிய அணிக்கு ஆடியவர் என்பதால் எண்ணிக்கை மாறுவதில் வியப்பில்லை.

கணக்கு எங்கே பிசகுகிறது? முதலாவது, தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி. 1999 வரை அதில் நாடுகள் முழு அணியை இறக்கின. 2001 முதல் 23 வயதுக்கு உட்பட்டோர் போட்டியாகிவிட்டது. 1993, 1995, 1997, 1999 என நான்கு முறையும் தங்கம் வென்ற அணிகளில் கியாத்திசுக் இருந்தார். அந்த ஆட்டங்களைத் தள்ளிவிட்டால் அவருடைய பட்டியல் இளைத்துவிடும். இரண்டாவது, தாய்லாந்தில் நடக்கும் கிங்ஸ் கோப்பை. பழைய நாட்களில் அதில் வெளிநாட்டு கிளப்புகளும் இரண்டாம் நிலை அணிகளும் ஆடியதுண்டு. கிளப்புக்கு எதிராக அடித்த கோல் சர்வதேச கோல் ஆகாது. ஒரு பட்டியலைப் பார்த்தால் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். எதிரணி யார், அது முழு தேசிய அணியா என்று வரிவரியாகப் பாருங்கள்.

கேள்வி: அவரை ஏன் ‘ஜீக்கோ’ என்கிறார்கள்? (காரைக்கால் வாசகர்)

பதில்: பிரேசிலின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜீக்கோதான் காரணம். கோல் விழுந்ததும் இவர் போடும் குட்டிக்கரணம் மட்டும் சொந்தச் சரக்கு.

கேள்வி: இங்கிலாந்துக்குப் போயும் ஏன் பெயர் வாங்கவில்லை? (சேலம் வாசகர்)

பதில்: 1999-இல் ஹட்டர்ஸ்ஃபீல்டு டவுன் அவரை எடுத்தது. அப்போது அது இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகில் இருந்த அணி, பயிற்சியாளர் ஸ்டீவ் புரூஸ். முதல் அணிக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார். தோல்வி என்று சொல்லலாம், ஆனால் அதோடு கதை முடிந்ததாக நினைப்பது தவறு. அதற்கு முன் மலேசியாவின் பெர்லிஸ், அதன் பின் சிங்கப்பூர் ராணுவ அணி என்று ஆடிவிட்டு, 2002-இல் அவர் எடுத்த முடிவுதான் முக்கியம். வியட்நாமின் மலைநாட்டு ஊரான பிளெய்க்கூவில், அப்போது மேல்நிலை லீகில்கூட இல்லாத ஹொவாங் ஆன் ஜியா லாய் அணியில் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே மேலே ஏறிய அந்த அணி 2003, 2004 இரண்டு பருவமும் லீக் கோப்பையைத் தூக்கியது. பயிற்சியாளர் வேலையைத் தொட்டுப் பார்த்ததும் அங்கேதான்: 2006-இல் ஆட்டக்காரர், பயிற்சியாளர் இரண்டு தொப்பியும் அவர் தலையில். அந்த ஊரில் இன்றும் அவருக்கு இருக்கும் மரியாதை இங்கிலாந்தில் பத்து கோல் அடித்திருந்தாலும் கிடைத்திருக்காது.

கேள்வி: ஆட்டக்காரராக அவருடைய மிகப் பெரிய இரவு எது? (மதுரை வாசகர்)

பதில்: கோப்பை என்றால் 1996. தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான டைகர் கோப்பை முதன்முதலாக நடந்தபோது இறுதி ஆட்டம் சிங்கப்பூரில். மலேசியாவை 1-0 என்று வென்றபோது அந்த ஒரே கோல் இவருடையது. 2000, 2002-இலும் அதே கோப்பை. நடுவில் 1998-இல் மட்டும் அரையிறுதியில் வியட்நாமிடம் 0-3.

ஆனால் தாய்லாந்துக்காரர்கள் மறக்காதது 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியின் காலிறுதி. எதிரே தென் கொரியா. முதல் கோல் கியாத்திசுக், கொரியா சமன் செய்தது. இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி ஒன்பது பேராகச் சுருங்கிய தாய்லாந்து, கூடுதல் நேரத்தில் தவாட்சாய் அடித்த தங்க கோலால் (விழுந்ததும் ஆட்டம் அங்கேயே முடியும் கோல்) 2-1 என்று முடித்தது. அரையிறுதியில் குவைத்திடம் 0-3 வாங்கியது வேறு விஷயம். நான்காம் இடம்தான் கிடைத்தது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் இவர் பயிற்சி கொடுத்த அணியும் அதே நான்காம் இடத்தில்தான் நின்றது.

கேள்வி: பயிற்சியாளராக அவர் புதிதாக என்ன செய்தார்? (திருச்சி வாசகர்)

பதில்: முதல் காரியம், தேசிய அணி, 23 வயதுக்கு உட்பட்டோர் அணி இரண்டையும் ஒரே ஆளாகக் கையில் வைத்துக்கொண்டது. 2013 ஜூனில் தேசிய அணிப் பயிற்சியாளர் வின்ஃபிரீட் ஷேஃபர் விலகியதும் தற்காலிகமாகத்தான் பொறுப்பேற்றார். ஹெஃபெய் நகரில் சீனாவை அதன் சொந்த மண்ணில் 5-1 என்று தோற்கடித்ததுதான் தொடக்கம். அந்தத் தோல்வி சீனப் பயிற்சியாளர் கமாச்சோவின் வேலையைப் பறித்தது. அதே ஆண்டு மியான்மரில் 23 வயதுக்கு உட்பட்ட அணிக்கு தென்கிழக்கு ஆசியத் தங்கம். பிறகு அதே பையன்களை அப்படியே மேலே கொண்டுவந்தார். சனாதிப் சோங்கிராசின், சாரிள் ஷாப்புயி, சராச் யூயென், அடிசாக் என்று ஒருவர் கால் அடுத்தவருக்குத் தெரிந்த கூட்டம். சனாதிப்பின் உயரம் 158 செ.மீ. மட்டுமே. அவரை நடுவில் வைத்து, பந்தைத் தரையில் உருட்டி, குறும்பாஸில் எதிரணியைச் சுற்றவிட்டார்கள்.

2014 டிசம்பரில், பழைய டைகர் கோப்பையின் இறுதியில் மலேசியாவோடு ஆடிய இரண்டு ஆட்டத்தில் இந்த முறையின் பலம், பலவீனம் இரண்டும் தெரிந்தன. பாங்காக்கில் 2-0. கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலில் மலேசியா ஒரு பெனால்டி, பின்பு ஒரு ஃபிரீ கிக் என்று 58-ஆம் நிமிடத்துக்குள் மூன்று கோல் அடித்துவிட்டது. மொத்தக் கணக்கில் 2-3, அரங்கமே ஆடியது. அந்த நேரத்தில் பெரும்பாலான அணிகள் பந்தைத் தூக்கி அடிக்கும். இவர்கள் மறுபடி பாஸுக்கே போனார்கள். 82-ஆம் நிமிடம் ஷாப்புயி, 87-இல் சனாதிப். மொத்தம் 4-3. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அந்தக் கோப்பையை வென்ற முதல் ஆள் ஆனார். 2016 இறுதியில் இந்தோனேசியாவிடம் முதல் ஆட்டத்தில் 1-2 தோற்று, பாங்காக்கில் 2-0 வென்று மறுபடியும் கோப்பை.

கேள்வி: இவ்வளவு வென்றவர் 2017-இல் ஏன் விலகினார்? (சென்னை வாசகர்)

பதில்: 2018 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுதான். இரண்டாம் சுற்றில் ஈராக்கோடு இரண்டு முறையும் 2-2, ஹனோயில் வியட்நாமை 3-0 என்று மடக்கி, பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். மூன்றாம் சுற்றில் ஏழு ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி; அடித்தது 3, வாங்கியது 19.

அந்தப் பத்தொன்பதையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. முதல் ஆட்டத்தில் சவூதியிடம் கடைசிப் பத்து நிமிடத்தில் விழுந்த ஒரு பெனால்டிதான் வித்தியாசம். ஈராக்கோடு 0-4, நான்கையும் அடித்தது ஒரே ஆள், மொஹன்னத் அப்துல் ரஹீம். ஒரே ஸ்டிரைக்கரை நான்கு முறை விடுவது தடுப்பு வரிசையின் கோளாறு, அதற்கு அதிர்ஷ்டத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவோடு 2-2 நல்ல ஆட்டம். மன்னர் பூமிபோல் மறைந்த துக்க காலத்தில், ஆரவாரம் அடங்கிய பாங்காக் அரங்கில் தீரசில் தங்டா இரண்டு கோல் அடித்தார்.

2017 மார்ச் 28, சைத்தாமா. ஜப்பான் 4, தாய்லாந்து 0. பக்கவாட்டிலிருந்து கூபோ பந்தை உள்ளே அனுப்ப, 8-ஆம் நிமிடம் ககாவா, 19-இல் முதல் கம்பத்தில் (பந்து வரும் பக்கத்துக் கோல் கம்பம்) பாய்ந்து ஒகசாகி ஹெடர். கடைசியில் கார்னரில் யோஷிதா. கிடைத்த பெனால்டியையும் தீரசில் அடிக்க, ஜப்பான் கோல்கீப்பர் கவாஷிமா தடுத்துவிட்டார். நான்கில் மூன்று கோல் ஓரத்திலிருந்து வந்த பந்தில் பிறந்தவை. பந்து நம் காலில் இருக்கும்வரை சரி, போனபின் ஓரத்தை யார் அடைப்பது என்பதற்கு இந்த அணியிடம் பதில் இல்லை. தென்கிழக்கு ஆசியாவில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் குறைவு, அதனால் பதிலும் தேவைப்படவில்லை. மூன்றே நாளில், மார்ச் 31-இல் விலகினார். அடுத்து வந்த பயிற்சியாளர் ராயேவாட்ஸை நம்மவர்களுக்கு நினைவிருக்கும்: 2019 ஆசியக் கோப்பையில் இந்தியாவிடம் 1-4 தோற்றதும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்.

கேள்வி: அதன் பிறகு? (ஈரோடு வாசகர்)

பதில்: மறுபடி வியட்நாம். 2020 கடைசியில் பழைய ஹொவாங் ஆன் ஜியா லாய்க்கே போனார். 2021 பருவத்தில் 12 ஆட்டம் முடிந்து அணி முதலிடத்தில் இருக்கும்போது கொரோனாவால் லீகையே ரத்து செய்தார்கள். யாருக்கும் கோப்பை இல்லை. 2024-இல் கொஞ்ச காலம் ஹனோய் காவல்துறை அணி.

கேள்வி: பள்ளி அணிக்குப் பயிற்சி தருகிறேன். பையன்கள் எல்லாம் குள்ளம். குறும்பாஸ் ஆட்டம் ஆட எங்கே தொடங்குவது? (கன்னியாகுமரி வாசகர்)

பதில்: எட்டு மீட்டர் சதுரம் போடுங்கள். வெளியே நான்கு பேர் பாஸ் கொடுக்க, உள்ளே இருவர் பந்தைப் பறிக்க. ஒருவருக்கு இரண்டு தொடுதல்தான். ஒன்றரை நிமிடம் ஆடி, உள்ளிருப்பவர்களை மாற்றுங்கள். ஆறு சுற்று போதும். பெரும்பாலும் நடக்கும் தவறு, பந்தை அருகிலுள்ள காலில் வாங்கி மாட்டிக்கொள்வது. உடம்பைப் பாதி திருப்பி, தூரத்துக் காலில் வாங்கினால் இரண்டாம் தொடுதலே பாஸ் ஆகிவிடும்.

அடுத்த பாதி நேரத்தைப் பந்து இல்லாத வேலைக்குச் செலவிடுங்கள், தாய்லாந்து சறுக்கிய இடம் அது. இரண்டு ஓரத்திலிருந்தும் பத்துப் பத்து கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னே அனுப்பும் பந்து) போடச் சொல்லுங்கள். ஓரத்துத் தடுப்பாளர் கிராஸ் போடுபவரிடமிருந்து இரண்டு மீட்டருக்குள் நிற்க வேண்டும். முதல் கம்பத்துக்கு ஓர் ஆள் கட்டாயம். நடுவில் நிற்பவர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆள் முதுகுக்குப் பின்னால் நழுவிவிடுவான்; ஒரு கை அவன் இடுப்பைத் தொட்டபடி இருக்கட்டும், பிடித்து இழுக்கக் கூடாது. உங்கள் முன்கள ஆட்டக்காரருக்கு இதன் மறுபக்கம்: இரண்டாம் கம்பத்தை நோக்கி இரண்டு அடி விலகிவிட்டு, பந்து காலைவிட்டுக் கிளம்பும் நொடியில் முதல் கம்பத்துக்குப் பாய வேண்டும். சைத்தாமாவில் அப்படிப் பாய்ந்து தலையால் முட்டிய ஒகசாகியின் உயரம் 174 செ.மீ.