நடித்துக்கொண்டே படம் எழுதி இயக்க முடியுமா?

ராயபுரத்தில் இருந்துகொண்டு சீரியலில் நடிக்கும் ஒரு பெண் தானே எழுதி, இயக்கி, நடிக்கலாமா என்பது கேள்வி. தாராளமாக. 1931இல் தமிழின் முதல் பேசும்பட நாயகியான டி.பி.ராஜலட்சுமி, 1936இல் தன் நாவலையே ‘மிஸ் கமலா’ என்று இயக்கி நடித்தவர்தானே!

15 நிமிடக் குறும்படத்தில் தொடங்குங்கள். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் 15 பக்கம் போதும். திரைக்கதையைத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிந்த பிறகே யாரிடமும் கொடுங்கள்.

சிக்கல் படப்பிடிப்பில்தான். நடிப்பவருக்கு ஃப்ரேம், அதாவது கேமராவுக்குள் என்ன விழுகிறது என்பது தெரியாது. ஒவ்வொரு டேக்கையும் மானிட்டரில் திரும்பப் பார்த்தால் பொழுது சாய்ந்துவிடும். உங்கள் உயரமுள்ள ஒருவரை ஒத்திகையில் நிறுத்தி ஃப்ரேமையும் ஃபோகஸையும் முடிவு செய்யுங்கள். ‘கட்’ சொல்லும் உரிமையை இணை இயக்குநருக்குக் கொடுங்கள். மற்றவர்களுக்கெல்லாம் எடுத்துவிட்டுத் தன் குளோசப்பைக் கடைசியில் அவசரமாக எடுப்பதுதான் பெரும்பாலும் படத்தைக் கெடுக்கிறது.

பக்கத்திலுள்ள காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுப்பதானால் ஒலியைக் கவனியுங்கள். படகு எஞ்சினும் ஐஸ் உடைக்கும் சத்தமும் வசனத்தை விழுங்கிவிடும். காலர் மைக்கைத் துணிக்குள் மறைத்துக் காற்றுத்தடுப்பு போடுங்கள். காட்சி முடிந்ததும் அனைவரும் பேசாமல் நிற்க, ஒரு நிமிடம் சூழல் ஒலியைத் தனியாகப் பதியுங்கள். எடிட்டிங்கில் வெட்டுகளை அதுதான் மறைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் எஞ்சின் இரைச்சல் குறையும். ஆனால் படகு பழுதுபார்க்கும் சுத்தியல் ஓயாது, மீன் ஏலக் கூட்டமும் மெலிந்திருக்கும். ஏலக் காட்சி தேவையென்றால் அந்த மாதங்களைத் தவிருங்கள். துறைமுக வளாகத்துக்குள் கேமரா வைக்க எழுத்துபூர்வ அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.