பிழையே இல்லாத வீட்டுப்பாடம்

அன்புள்ள ஐயா,

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், ஆங்கில வழி. நானும் என் கணவரும் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்கள். எங்களுக்கு ஆங்கிலம் தெரியாததால் அவனுடைய ஆங்கில வீட்டுப்பாடத்தில் உதவ முடிவதில்லை. அவன் கேள்விகளைச் செல்பேசியில் படம் பிடித்து இணையத்தில் போடுகிறான். எந்த நாட்டிலோ இருக்கும் யாரோ சில நிமிடங்களில் விடை எழுதிவிடுகிறார்கள். சென்ற மாதம் 'ஏ', 'ஆன்' நிரப்பும் பயிற்சியில் எல்லாம் சரி என்று ஆசிரியை கையெழுத்திட்டிருந்தார். அடுத்த வாரம் வகுப்புத் தேர்வில் அதே பகுதியில் பத்துக்கு இரண்டு மதிப்பெண்தான் வாங்கினான். இப்போது ஒருவர், "உன் வீட்டுப்பாடத்தை நாங்கள் செய்து தர மாட்டோம், நீ என்ன எழுதினாய் என்று முதலில் காட்டு" என்று கடுமையாகப் பதில் போட்டுவிட்டார். பையன் அன்று இரவு சாப்பிடவே இல்லை. முன்பின் தெரியாதவர்களிடம் இப்படிக் கேட்பது சரிதானா? அவர்கள் சொல்லும் விடை சரியானது என்று எப்படி நம்புவது? நல்ல தளம் ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, ராஜபாளையம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், ஆங்கில ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் ஒரு கவலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் வீட்டுப்பாட நோட்டுகளில் பிழையே இருப்பதில்லை, அதனால் எந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு வழியே இல்லாமல் போய்விட்டது என்றார். அதையே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதத்தைப் படித்ததால், உடனே பதில் எழுதத் தோன்றியது.

முதலில் உங்கள் மகனைக் கடிந்துகொண்ட அந்த மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை சாப்பிடாமல் படுத்தால் தாய்க்கு எப்படி இருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. அவர் இன்னும் கனிவாகச் சொல்லியிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தனை நாள் அவனுக்குப் பதில் எழுதியவர்களில், அவன் என்ன நினைத்தான் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் விடையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், இவரோ அவனுடைய விடையைக் கேட்டார். மொழி கற்பவர்களுக்காக நடத்தப்படும் சில தளங்களில், சொந்த முயற்சியைக் காட்டாமல் கேட்கப்படும் வீட்டுப்பாடக் கேள்விகளை மூடிவிடுவது வழக்கம். சம்பளம் வாங்காமல், வேலை முடிந்து வந்த களைப்போடு, யாரோ ஒரு பிள்ளைக்காக உட்கார்ந்து இலக்கணம் விளக்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது அந்த ஒன்றைத்தான். அதற்காக அவர்கள்மீது வருத்தப்படாதீர்கள், பையனையும் வருத்தப்பட விடாதீர்கள்.

எந்தத் தளம் நல்லது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. இன்று நன்றாக இருப்பது நாளை இருக்காது. 2005-இல் தொடங்கி உலகம் முழுவதும் பிள்ளைகள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த யாஹூ ஆன்சர்ஸ், 2021-இல் மூடப்பட்டுவிட்டது. விடை சரியா என்ற சந்தேகம் மட்டும் நியாயமானது. ஏனென்றால், சொல்பவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவராக இருந்தாலும் அவருக்கு நம் பள்ளியின் பாடம் தெரியாது. 'இப்போதுதான் சாப்பிட்டேன்' என்பதற்கு அமெரிக்கர் ஒருவர் 'ஐ ஜஸ்ட் ஏட்' என்று சொன்னால் அது அவருடைய ஊரில் சரியான ஆங்கிலம். நம் ஆசிரியையோ 'ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்' என்று எதிர்பார்த்துச் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். 'ஹி நோஸ் மீ' என்பதைச் செயப்பாட்டு வினைக்கு மாற்றச் சொன்னால், நம் இலக்கணப் பாடம் 'ஐ ஆம் நோன் டு ஹிம்' என்று சொல்லித் தருகிறது. அங்கே இருப்பவர் 'பை ஹிம்' என்று எழுதக்கூடும், அல்லது இப்படி யாரும் பேசமாட்டார்களே என்று வியக்கவும் கூடும். இரண்டு பேர்மீதும் குற்றமில்லை. கேள்வி எந்த வகுப்பில், எந்தப் பாடத்துக்காகக் கேட்கப்பட்டது என்று பையன் எழுதாததுதான் குறை.

அறிமுகமில்லாதவர்களிடம் கேட்பதே தவறோ என்று நீங்கள் தயங்குகிறீர்கள். இது இன்று தொடங்கிய பழக்கம் இல்லை. எண்பதுகளில் 'தி இந்து' நாளிதழில் 'நோ யுவர் இங்கிலீஷ்' என்ற பகுதி வரத் தொடங்கியது. வாசகர்கள் தங்கள் ஆங்கிலச் சந்தேகங்களைத் தபாலில் அனுப்ப, கேட்டவரின் பெயரையும் ஊரையும் போட்டுப் பதில் வெளியிடுவார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்த என் தாய்மாமா அதற்கு அஞ்சலட்டை எழுதுவார். அட்டையின் விலை 15 பைசா. எழுதிய பிறகு அடித்தால் அட்டை வீண் என்பதால், சங்கத்தில் கிழித்துப் போட்ட ரசீதுகளின் பின்பக்கத்தில் கேள்வியை முதலில் எழுதிப் பார்ப்பார். இப்படிச் சொல்லலாமா, அப்படிச் சொல்லலாமா என்று இரண்டு வாக்கியங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, தமக்கு முதலாவதுதான் சரியென்று படுவதற்குக் காரணம் என்ன என்பதையும் சேர்ப்பார். அந்தக் காரணத்தை எழுதப் போகும்போது பல தடவை அவருக்கே விடை தெரிந்துவிடும். சிரித்துக்கொண்டே ரசீதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார், அட்டை மேசையிலேயே கிடக்கும். அவர் பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தியவர். பிற்காலத்தில் சங்கத்துக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களுக்கெல்லாம் அவர்தான் பதில் எழுதினார்.

உங்கள் மகன் எடுக்கும் படத்தில் இப்படி யோசித்து எழுதும் வேலை இல்லை. கேள்வியைப் படிக்காமலே படம் எடுக்கலாம், விடையைப் படிக்காமலே நோட்டில் எழுதலாம். ஆசிரியையின் கையெழுத்தும் கிடைத்துவிடும். அவன் தவறாக எழுதியிருந்தால், இந்தப் பிள்ளை எழுத்தைப் பார்த்து 'ஆன்' போடுகிறான், ஒலியைக் கேட்டுப் போடவில்லை என்று அந்த அம்மையார் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துத் திருத்தியிருப்பார். அதற்காகத்தான் வீட்டுப்பாடமே கொடுக்கிறார்கள். காய்ச்சலை மறைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனதைப் போல, அவன் பிழையே இல்லாத நோட்டோடு போய் நின்றிருக்கிறான். மறைத்ததற்கும் காரணம் இருக்கும். வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்டால் பின்வரிசை சிரிக்கும், சில இடங்களில் ஆசிரியரும் சேர்ந்துகொள்வார். முகம் தெரியாதவரிடம் கேட்டால் அந்த வெட்கம் இல்லை. அந்தப் பிள்ளையின் கூச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை, அவனைத் திட்டவும் மனம் வரவில்லை.

உங்களைத்தான் திட்ட வேண்டும். 'எங்களுக்கு ஆங்கிலம் தெரியாததால் உதவ முடிவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் பெற்றோர் எழுந்து போய்விடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த உங்களுக்கு உயிரெழுத்தும் உயிர்மெய்யும் தெரியும். 'ஓர் ஊர்' என்றும் 'ஒரு மரம்' என்றும் எழுத வேண்டும், உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஓர்' வரும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். உங்கள் மகன் தேர்வில் கோட்டைவிட்ட பாடம் அதேதான். உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஆன்', மற்றவற்றுக்கு முன் 'ஏ'. தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்தாலே முதல் ஒலி தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படித் தெரியாது, அதனால்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். நேர்மையானவர் என்று பொருள்படும் 'ஆனஸ்ட்' என்ற சொல்லை 'எச்' என்னும் மெய்யெழுத்தில் தொடங்கி எழுதினாலும், வாயைத் திறந்தால் 'ஆ'தான் வருகிறது. 'ஆ' உயிர், ஆகவே 'ஆன்' போட வேண்டும். 'யூனிவர்சிட்டி' என்பதை 'யு' என்னும் ஆங்கில உயிரெழுத்தில் தொடங்கி எழுதுகிறார்கள், ஆனால் நாம் சொல்வது 'யூ'. ய் என்ற மெய்யோடு ஊ சேர்ந்த உயிர்மெய் அது, ஆகவே 'ஏ'. 'எம்.எல்.ஏ.' என்பதன் முதல் எழுத்து 'எம்', எழுத்தளவில் மெய்தான். சொல்லும்போது முதலில் கேட்பது 'எ', ஆகவே 'ஆன் எம்.எல்.ஏ.'. இதில் உங்களுக்குத் தெரியாத ஆங்கிலம் எங்கே இருக்கிறது? பிள்ளையை அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல வைத்து, முதல் ஒலியைத் தமிழில் எழுதச் சொல்லி, அது உயிரா உயிர்மெய்யா என்று கேட்டிருந்தால் போதும். அடுப்படியில் நின்றுகொண்டே செய்திருக்கலாம்.

எல்லாப் பாடத்துக்கும் இப்படித் தமிழில் துணை கிடைக்காது, அது எனக்கும் தெரியும். அப்போதும், 'இதை ஏன் இப்படி எழுதினாய், எனக்குத் தமிழில் சொல்' என்று கேட்க உங்களால் முடியும். அவன் சொல்லத் தடுமாறும் இடத்தை நீங்கள் கண்டுகொள்வீர்கள், அவனும் கண்டுகொள்வான். அந்த இடத்தை மட்டும் வெளியாரிடம் கேட்கட்டும். எந்த வகுப்பு, பாடத்தில் விதியை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள், தான் எழுதிய விடை என்ன, அதற்கு என்ன காரணம், எங்கே சந்தேகம் என்று அவன் கையால் தட்டெழுதிக் கேட்கட்டும். அவனுடைய ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, அதையும் யாராவது திருத்தித் தருவார்கள். கிடைத்த விளக்கத்தை நோட்டில் எழுதுவதற்கு முன் உங்களிடம் ஒரு முறை சொல்லட்டும், மறுநாள் ஆசிரியையிடம் 'இப்படி ஒருவர் சொன்னார், சரியா அம்மா?' என்று கேட்கவும் செய்யட்டும். வகுப்பில் கூச்சமாக இருந்தால், நோட்டை மேசையில் வைக்கும்போது தனியாகக் கேட்கலாம்.

இன்னொன்றை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. நோட்டை அப்படியே படம் எடுத்துப் போடும்போது, பல பள்ளிகளின் நோட்டுகளில் தாளின் மேலேயே பள்ளியின் பெயர் அச்சிட்டிருக்கும், ஓரத்தில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் இருக்கும். இன்றே அவனோடு உட்கார்ந்து இதுவரை போட்ட படங்களை எடுத்துப் பாருங்கள். அப்படி இருப்பவற்றை நீக்கச் சொல்லுங்கள், இனிமேல் கேள்வியைத் தட்டெழுதியே அனுப்பட்டும்.

அன்புடன்.