நூக்கல் விதையும் நாற்பது ஏமாற்றமும்

விதை வாங்குவது பற்றிப் போன முறை நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நூக்கல் பற்றித்தான். சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: 'பாரம்பரிய ஊதா நூக்கல்' என்று விதை வாங்கினேன். தோல் ஊதாவாகத்தான் வந்தது, வெட்டினால் உள்ளே வெள்ளை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. ஊதா நூக்கலுக்குத் தோலில் மட்டும்தான் ஊதா. தைரியமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: விதைத்து மூன்று மாதம் ஆகப்போகிறது. நூக்கல் திரளவே இல்லை. இலை அகலமாகப் பரவி, இப்போது நடுவில் உள்பக்கமாக மூடிக்கொண்டு வருகிறது. விற்றவர் "உங்கள் மண் சரியில்லை" என்கிறார். ஓய்வு பெற்ற பிறகு ஆசையாகத் தொடங்கிய தோட்டம் இது.

பதில்: உங்கள் தொட்டியில் வளர்வது முட்டைக்கோஸ். எவ்வளவு மோசமான மண்ணும் நூக்கலை முட்டைக்கோஸாக மாற்றாது. நூக்கல், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி எல்லாமே தாவரவியல் கணக்கில் ஒரே இனம். விதையும் ஒன்று போலவே கடுகு மாதிரி உருண்டையாக இருக்கும். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து 'இது நூக்கல்' என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. வித்தியாசம் தெரிய வேண்டியது விற்றவருக்குத்தான்.

செடியையும் பொட்டலத்தின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். விதைத்த தேதியையும் ரசீதையும் சேர்த்து, எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மிச்ச விதையைக் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அது வேண்டியிருக்கும். 'வேறு பொட்டலம் தருகிறேன்' என்றால் வாங்காதீர்கள், அதே டப்பாவிலிருந்துதான் அள்ளித் தருவார். முட்டைக்கோஸைச் சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடலாம், தப்பில்லை.

கேள்வி: அறுவடையைத் தள்ளிப்போட்டால் பெரிதாகும் என்று விட்டுவைத்தேன். கத்தி இறங்காத கட்டையாகிவிட்டது. மட்டமான விதைதானே?

பதில்: விதை நல்ல விதை. ஒயிட் வியன்னா, பர்ப்பிள் வியன்னா போன்ற பழைய நூக்கல் ரகங்களை 5 முதல் 7 செ.மீ. குறுக்களவில் பறித்துவிட வேண்டும். நூக்கல் வேரில் விளையும் கிழங்கு இல்லை, தண்டுதான் திரண்டு நிற்கிறது. தண்டு முற்றினால் நாராகாமல் என்ன ஆகும்? இது பொட்டலத்தின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். பணம் கேட்டு யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள்.

கேள்வி: பாரம்பரிய விதை, ஹைப்ரிட்டைவிட இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: பொட்டலத்தில் ரகத்தின் பெயர் இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். 'பாரம்பரியம்' என்ற சொல்லை எவரும் அச்சடிக்கலாம், மை இருந்தால் போதும். தலைமுறை தலைமுறையாக வந்த ரகத்துக்குப் பெயர் இல்லாமல் இருக்காது. ஒயிட் வியன்னா, பர்ப்பிள் வியன்னா இரண்டும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்தப் பெயரில்தான் விற்கின்றன. பெயரே இல்லாத பாரம்பரியம் எங்கிருந்து வந்தது, யார் காப்பாற்றியது? ஒரு பொட்டலத்தில் 'பாரம்பரியம்' என்றும் மூலையில் பொடி எழுத்தில் 'எஃப்1' என்றும் பார்த்திருக்கிறேன். எஃப்1 என்றால் முதல் தலைமுறைக் கலப்பினம். இரண்டும் சேர்ந்து இருக்கவே முடியாது.

இவ்வளவு பேசும் நானும் ஏமாந்தவன்தான். பழுப்புத் தாள் உறை, சணல் கயிற்று முடிச்சு, கையால் எழுதியது போல அச்சடித்த 'பாட்டி காலத்து நூக்கல்'. உருகிப்போய் வாங்கிவிட்டேன். ரகப் பெயர் கிடையாது, முளைப்புச் சோதனைத் தேதி கிடையாது, தொகுதி எண் கிடையாது. வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணினேன்: 38. நூக்கல் விதை ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 300 வரும். அப்படியானால் நான் வாங்கியது அரைக்கால் கிராம். மீதிப் பணம் சணலுக்கு.

அப்புறம், கூடுதல் விலைக்கு அவர்கள் சொல்லும் காரணம் 'விதை எடுத்துக்கொள்ளலாம்' என்பது. எடுக்கலாம்தான். ஆனால் நூக்கல் பூக்கச் சில வாரம் நல்ல குளிர் வேண்டும், பெரும்பாலும் இரண்டாவது வருடத்தில்தான் பூக்கும். தன் மகரந்தம் தனக்குச் சேராது, ஆகவே ஒற்றைச் செடி உதவாது, பல செடிகள் பூக்க வேண்டும். பக்கத்தில் எங்காவது முட்டைக்கோஸோ புரோக்கோலியோ பூத்திருந்தால் தேனீ கலந்துவிடும். அடுத்த முறை முளைப்பது என்னவென்று அதற்கே தெரியாது. இதற்கெல்லாம் இடமும் பொறுமையும் இருந்தால் கொடுங்கள். சமைக்க மட்டும்தான் என்றால் ஹைப்ரிட்டில் குற்றமில்லை. பழைய ரகம் ஒரே நாளில் திரளாமல் முன்பின்னாக வரும், வீட்டுக்கு அதுவும் ஒரு வசதிதான்.

கேள்வி: 'மரபணு மாற்றப்படாதது' என்று போட்ட நூக்கல் விதைக்குக் கூடுதல் விலை. வாங்கலாமா?

பதில்: மரபணு மாற்றிய நூக்கல் விதை கடைக்கே வந்ததில்லை. வாழைப்பழத்தில் 'எலும்பு இல்லாதது' என்று எழுதி விற்பது போல இது.

கேள்வி: 20 விதை போட்டதில் 2 முளைத்தன. போலி விதை விற்கிறார்கள் என்று எழுதுங்கள். (வாங்கி 3 வருடம், சமையலறை ஜன்னலில் பிரித்து வைத்திருந்தேன்.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, பதில் அதுதான். உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் மூடி வைத்தால் நூக்கல் விதை 4 வருடம்கூடத் தாங்கும். வெயிலிலும் அடுப்பு ஆவியிலும் வைத்துவிட்டு விற்றவரைத் திட்டுவது நியாயமில்லை. வாங்கிய வாரமே பத்து விதையை ஈரத் துணியில் மடித்துப் பத்து நாள் வையுங்கள். ஐந்துகூட முளைக்காவிட்டால் அப்போது எழுதுங்கள், நானும் சேர்ந்து சண்டைக்கு வருகிறேன்.

கேள்வி: இணையத்தில் நீல நிற நூக்கல் விதை பார்த்தேன். படம் பளபளவென்று இருக்கிறது.

பதில்: நான் வாங்கினேன். வெளிர்பச்சையாக ஐந்து காய்த்தது. புகார் எழுதத் திரும்பிப் போனால் விற்றவரின் பக்கத்தையே காணோம்.